தேய்க்க வேண்டாம் அப்பா, அமுக்குங்கள்

பிப்ரவரி 12

குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "தூங்குறா மாமா" என்கிறார். மறுநாள் "குளிக்கப் போயிருக்கா மாமா" என்கிறார். நல்ல மனுஷர், பொய் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அவரை இனிமேல் சிரமப்படுத்த வேண்டாம் என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். பதில் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

உன் அம்மா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவள் துணிமணிகளை உன் சித்தி வந்து எடுத்து அடுக்கினாள். மருந்துப் பாட்டில்களை நானே தூக்கிப் போட்டேன். ஜன்னலோரத்து மேசையில் மட்டும் கை வைக்கவில்லை. அவள் வைத்தது வைத்தபடி இருக்கிறது. முக்கோணம் முக்கோணமாக வெட்டிய துணி, கருநீலம் ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு. நூலால் சுற்றி வைத்திருக்கிறாள். எட்டு முக்கோணம் சேர்ந்தால் ஒரு காற்றாடிக் கட்டம், முப்பது கட்டம் சேர்ந்தால் ஒரு சின்னப் போர்வை. பதினொன்று முடித்திருக்கிறாள்.

போன வாரம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பிறகு இரண்டு முக்கோணத்தை எடுத்து வைத்தேன். பிறகு மெஷினை மிதித்தேன். இதற்கு முன்னால் நான் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்தது இல்லை, உனக்கே தெரியும். இரண்டு காற்றாடி தைத்து முடித்துவிட்டேன். ஆறரை இஞ்ச் வர வேண்டும். ஒன்று ஆறேகால்தான் வந்தது. இன்னொன்று ஒரு பக்கம் ஆறரை, எதிர்ப்பக்கம் அதற்கும் மேலே. ஓரம் அலை அலையாக நெளிகிறது. வெர்னியர் வைத்து அளந்தேன். லேத்தில் நின்றே வயசானவன் நான், தலைமுடி அளவு பிசகினாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்தத் துணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வெட்டியது உன் அம்மா, அதில் பிசகு இருக்காது. தையலும் நேராகத்தான் போயிருக்கிறது. பிறகு எங்கே போகிறது அந்தக் கால் இஞ்ச்? நீ போர்வைப் பட்டறையில் இதையே தொழிலாகச் செய்கிறவள். உன்னை விட்டு வேறு யாரைப் போய்க் கேட்பது?

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

❖

பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் சொல்லச் சொன்னேன்.

யாருக்கு அப்பா இந்தப் போர்வை?

என் வயிற்றில் இருந்த பொடிசுக்காக அம்மா தொடங்கியது அது. ஏழாம் மாதத்தில் பொடிசு மூச்சில்லாமல் பிறந்தது. போர்த்திக்கொள்ள ஆள் இல்லை. தைத்தவளும் இல்லை. இப்போது உட்கார்ந்து அளவு சரியில்லை என்று வெர்னியரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள்.

படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம் சொன்ன அன்று, அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள் என்று நினைத்தேன். "அவளுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியல" என்றீர்கள். நம்பினேன். அவளிடம் போனில் கோபப்பட்டேன். "முட்டிவலின்னு யாராவது பெத்த பொண்ணைப் பார்க்க வராம இருப்பாங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். வயிற்றில் அவ்வளவு பெரிய கட்டியை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதும் அவள் இறந்துவிட்டாள் என்பதும் எனக்கு ஒரே போனில் தெரிந்தது. அப்படி ஒரு போன் உங்களுக்கு யாரும் செய்ததில்லை.

அதிர்ச்சியில் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மறைத்தீர்களாம். சித்தி சொன்னாள். குழந்தை தங்கவில்லை. அப்புறம் யாரைக் காப்பாற்ற மறைத்தீர்கள்?

இத்தோடு முடிக்கத்தான் நினைத்தேன். மடித்ததைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிறீர்கள். அதில்தான் துணி நெளிகிறது. முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் மூலைவாட்டில் வெட்டியது, தொட்டாலே இழுபடும். தேய்க்க வேண்டாம் அப்பா, அமுக்குங்கள். பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள்.

மகள்

❖

மார்ச் 1

குட்டிம்மா,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

யாருக்கு என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை. அந்தத் துணிக் கட்டுகளை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாமல்தான் தைக்க உட்கார்ந்தேன். பெட்டிக்குள் போட்டால் மூடி வைத்த மாதிரி ஆகிவிடும். யாருக்காவது கொடுத்தால் கை கழுவின மாதிரி ஆகிவிடும். தைத்துக்கொண்டே இருந்தால் இரண்டும் இல்லை.

நீ கேட்ட மற்றதற்கு வருகிறேன். உன் அம்மா சொல்லாதே என்றாள், நான் சொல்லவில்லை. அதைச் சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை. நீ கோபப்படு. என்னிடம் படாமல் வேறு யாரிடம் படுவாய்?

அமுக்கிப் பார்த்தேன். பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்து. ஓரம் நெளிவது நின்றுவிட்டது. ஒரே வரியில் வியாதியைப் பிடித்துவிட்டாய். ஆனால் இப்போதும் ஆறரை வரவில்லை, ஒரு இழை குறைகிறது. அதோடு, விரித்து அமுக்கினதும் தையல் தட்டையாகப் படிகிறது, பெட்டியை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி உப்பிக்கொள்கிறது. அதற்கு நானாக ஒரு வழி செய்தேன். வாரத்தில் மூன்று நாள் இன்னும் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே ஒரு இரும்புக் கட்டையைக் கடைந்து, உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி மழமழவென்று எடுத்து வந்தேன். இஸ்திரி போட்ட கையோடு அதைத் தூக்கித் தையல் மேல் வைத்துவிடுகிறேன். நன்றாகப் படிகிறது. பட்டறையில் பையன்கள், "என்ன சார் இது, எந்த மெஷினுக்கு?" என்று கேட்டார்கள். போர்வைக்கு என்று சொன்னேன்.

ஒரே ஒரு சிக்கல். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. எதனால்?

அப்பா

❖

மார்ச் 14

அப்பாவுக்கு,

துரு. வேறென்ன? ஈரமும் சூடுமாக இருக்கிற துணி மேல் இரும்பைத் தூக்கி வைத்தால் வேறு என்ன வரும்? எங்கள் பட்டறையிலும் கட்டை வைப்போம், ஆனால் மரக்கட்டை. மரம் சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தையல் ஆறும்வரை அசைக்கக் கூடாது, அதுதான் விஷயம். சூட்டோடு கையில் எடுத்தால் துணி தன் இஷ்டத்துக்கு வளையும். உங்கள் இரும்புக் கட்டையைக் கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுங்கள்.

ஒரு இழை குறைவதற்குக் காரணம் மடிப்பு. தைத்த துணியைத் திருப்பும்போது, திரும்புகிற இடத்தில் துணி தன் தடிமனைத் தின்றுவிடும். அதனால் தையலுக்குக் கால் இஞ்ச் விடும்போது முழுசாக விடாமல் ஒரு நூலிழை குறைத்து விடுங்கள். அமுக்கியதும் அளவு வந்து நிற்கும்.

அமுக்குவதற்கும் வரிசை இருக்கிறது. தைத்ததும் விரிக்காதீர்கள். மூடியபடியே தையல் மேல் ஒரு முறை அமுக்குங்கள், நூல் துணிக்குள் போய்ப் படியும். பிறகு கருநீலத்தை மேலே விரித்து, நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பெட்டியை வையுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு எப்போதும் நீலத்தின் பக்கம் சாயட்டும், வெள்ளைக்கு அடியில் போனால் நிழலாகத் தெரியும். இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போது ஒன்றின் மடிப்பு இந்தப் பக்கமும் மற்றதன் மடிப்பு அந்தப் பக்கமும் இருக்கும். விரலால் தள்ளினால் இரண்டும் முட்டிக்கொண்டு பூட்டிக்கொள்ளும். கண்ணால் பார்க்க வேண்டாம், விரலுக்குத் தெரியும். ஆவி வேண்டவே வேண்டாம், துணி இழுபடும். ஒவ்வொரு தையலுக்கும் அமுக்கி, அளந்து, பிறகு அடுத்தது. கடைசியில் மொத்தமாக அளக்கலாம் என்று நினைத்தால் எங்கே தப்பு என்று தெரியாது.

நான் போன மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதே நீள மேசை, மேலேயிருந்து தொங்கும் இஸ்திரிப் பெட்டிகள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கேல்', கையில் அது இல்லாமல் நடக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு ஒரு அடுக்கு வந்தது. வாத்துப் படம் போட்ட மஞ்சள் துணி, கைக்குழந்தைப் போர்வைக்கு. ஸ்கேல் வந்து அந்த அடுக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மேசையில் வைத்தார். பிரியமாகத்தான் செய்தார். ஆனால் அதற்கப்புறம்தான் நான் அமுக்கியதெல்லாம் கோணத் தொடங்கியது. விட்டிருந்தால் அமுக்கிக் கொடுத்திருப்பேன் அப்பா. அது துணிதானே.

வெள்ளையில் இருக்கும் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடுங்கள்.

மகள்

❖

ஏப்ரல் 6

குட்டிம்மாவுக்கு,

துரு போய்விட்டது. இரும்புக் கட்டை கதவடிக்குப் போய்விட்டது. பழைய நாற்காலிக் கால் ஒன்றை அறுத்து மரக்கட்டை செய்துகொண்டேன்.

அந்தப் பூட்டு! நீ சொன்னதும் முதலில் விளங்கவில்லை. இரண்டு துண்டையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தள்ளினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. சத்தம் வரவில்லைதான், ஆனால் எனக்குக் கேட்டது. பல் சக்கரம் பல்லில் போய் உட்காருகிற மாதிரி. இத்தனை வருஷம் அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது, ஏதோ பொழுதுபோக்கு என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதும் முடிந்துவிட்டது, முதலில் கெடுத்த இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டேன். எல்லாம் ஆறரை. ஒன்றுகூடப் பிசகவில்லை. நேற்று முப்பதையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். உன் அம்மா தைத்த பதினொன்றில் ஏழு கச்சிதம். நான்கு மட்டும் சரியில்லை. ஓரம் நெளிந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்று பக்கம் அளவு குறைந்து கிடக்கிறது. அப்படியே சேர்த்தால் அந்த வரிசை முழுக்கக் கோணிக்கொள்ளும்.

என்ன செய்யட்டும்? ஈரமாக்கி, பலகையில் ஊசி குத்தி, ஆறரைக்கு இழுத்துக் காய வைக்கலாமா? இல்லை, தையலைப் பிரித்து நானே திரும்பத் தைக்கட்டுமா? பிரிக்கிற கொக்கியை எடுத்தேன். வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டு டீச்சர் வந்திருந்தார். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க பேத்திக்குக் குடுத்துடுங்களேன் அண்ணே, வீணாப் போகாம இருக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அப்பா

❖

ஏப்ரல் 15

அப்பா,

இழுக்காதீர்கள். இழுத்துக் காய வைத்தால் இன்றைக்கு அளவு நிற்கும், முதல் தடவை நனைந்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். பிரிக்கவும் வேண்டாம். டீச்சருக்கும் வேண்டாம். யாருக்கும் வேண்டாம்.

அந்த நான்கையும் எனக்கு அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அம்மா அப்படி இஸ்திரி போடுகிறவள் இல்லை. எனக்கு அமுக்கக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான். நான் பள்ளிக்கூடப் பாவாடையைத் தேய்த்தால்கூடக் கையில் தட்டுவாள். அந்த நான்கையும் அவள் எப்போது தைத்தாள்?

மகள்

❖

ஏப்ரல் 28

குட்டிம்மா,

நான்கு கட்டங்களையும் அட்டைக்கு நடுவில் வைத்து இதோடு அனுப்புகிறேன். மடிக்கவில்லை.

எப்போது என்று கேட்டாய். கேட்டதால் எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். அவரால் பேச முடியவில்லை. நீ வாங்கிப் பேசினாய். "பொடிசு போயிடுச்சுப்பா" என்றாய். பிறகு, "அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. போன்ல கேட்டா தாங்க மாட்டா. நான் எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் நேர்ல வந்து சொல்லிக்கிறேன்" என்றாய். நான் சரி என்றேன். அப்போது நான் நின்றுகொண்டிருந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே கட்டிலில் உன் அம்மா. இனி ஊசி மருந்து போட்டுப் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார். உன்னிடம் அவளைப் பற்றிச் சொல்லக் கூடாது. அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். "யாரு போன்ல?" என்றாள். "பட்டறையிலேர்ந்து" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். அவளால் மிதிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றினேன், அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் அந்த நான்கும் ஆனது. இஸ்திரிப் பெட்டியை அவளால் தூக்க முடியவில்லை குட்டிம்மா. தூக்க முடியாததால் இழுத்தாள். நீ வைத்து எடுக்கச் சொன்னாயே, அந்த எடுக்கிற பலம் அவளிடம் இல்லை. "குடு, நான் போடுறேன்" என்றேன். "நீங்க துணியைக் கொன்னுடுவீங்க" என்றாள். அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

தைத்துக்கொண்டே கேட்பாள், "பொடிசு உதைக்குதாமா?" என்று. "உதைக்குதாம்" என்பேன். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பாள். "ரெண்டு பக்கமும்" என்பேன். சக்கரத்தைச் சுற்றுவேன். தினமும் கேட்டாள். மூன்றாவது கட்டம் முடிந்த அன்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த முக்கோணத்தை எடுத்து நீட்டி, "சுத்துங்க" என்றாள். நான்காவதையும் தைத்து முடித்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

நீ என்னிடம் கேட்காமல் இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா

❖

ஜூலை 2

அப்பாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. நீங்கள் உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "கோபமா இருக்காளா?" என்று கேட்டீர்களாம். கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா என்னிடம் எதைச் செய்தாளோ அதையேதான் நான் அவளிடம் செய்திருக்கிறேன். அவள் என் குழந்தைக்காக மறைத்தாள், நான் அவளுக்காக மறைத்தேன். இரண்டையும் உங்கள் தலையில் வைத்துவிட்டு, நான் உங்களிடமே பேசாமல் இருந்திருக்கிறேன்.

அட்டையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம்தான் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். பிரித்ததும் எந்தக் கட்டம் கடைசியில் தைத்தது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். கேட்பதை நிறுத்திவிட்டு அவள் தைத்த கட்டம். நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் எழுதி அனுப்பாதீர்கள்.

ஒன்றைப் பிரித்துத் தைக்கலாம் என்று கொக்கியை நூலில் வைத்தேன். உங்களை வேண்டாம் என்று சொன்ன நானே. அப்போது பார்த்தேன், தையலில் ஒரு பிசகும் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி, நேராக, நெருக்கமாக. அவள் பிடித்தது, நீங்கள் சுற்றியது. கெட்டது முழுக்க இஸ்திரியில்தான். கொக்கியை எடுத்துவிட்டேன்.

ஸ்கேல் வந்து பின்னால் நின்றார். நான்கையும் அளந்தார். எங்களில் யாராவது இப்படி ஒரு கட்டம் கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டிருப்பார். "யாரு தச்சது?" என்றார். "எங்கம்மா" என்றேன். "எப்ப?" என்றார். கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு துணி எடுத்து வந்து வைத்தார். "எந்தக் கலரோடயும் சண்டை போடாது" என்றார்.

அதுதான் சரியான வழி. நெளிந்த இடத்தை அப்படியே விட்டு, நான்கு பக்கமும் சாம்பல் பட்டி வைத்துத் தைத்து, பிறகு வெளி ஓரத்தை ஆறரைக்கு வெட்ட வேண்டும். பட்டி சில இடத்தில் அகலமாகவும் சில இடத்தில் மெலிசாகவும் வரும். எங்கெங்கே அவள் அளவு குறைகிறாளோ அங்கெல்லாம் சாம்பல் கொஞ்சம் கூட இருக்கும். ஒன்றைத் தைத்து அமுக்கிப் பார்த்தேன். படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை வரவில்லை, லீவு இல்லை. வரிசைகளைச் சேர்ப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் தைக்க. பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்.

மகள்

❖

ஜூலை 21

குட்டிம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக நேற்று நீயே போனில் சொன்னாய். அப்புறம் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்குப் பேச வரவில்லை. "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை.

நீ இருந்த நான்கு நாளும் நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பக்கம் பிடிங்க", "இழுக்காதீங்க", "ஆறட்டும், எடுக்காதீங்க". இதுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் நீ மேசைக்கு அடியில் துணிக் குவியல் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாய். சின்ன வயசில் அவள் தைக்கும்போது அங்கேதான் தூங்குவாய். எழுப்பவில்லை. சாயங்காலம் எழுந்து, "ஏன்பா எழுப்பல, வேலை கிடக்குது" என்று என்னைக் கடிந்துகொண்டாய். அவள் குரல் மாதிரியே இருந்தது.

மூன்றாம் வரிசையும் நான்காம் வரிசையும் சேருகிற இடத்தில் ஒரு முனை இன்னும் முட்டவில்லை. நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை. பிரிக்கலாம் என்றேன், நீ வேண்டாம் என்றாய். நீ பையில் போட்டுக்கொண்டு போகிறவரைக்கும் அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது மேசை காலியாக இருக்கிறது, உறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

யாருக்கு என்று நீ கேட்டதற்கு அப்போதும் எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. உன்னிடம் இருக்கட்டும். உனக்கு என்ன தோன்றுகிறதோ செய்.

அப்பா

❖

ஆகஸ்ட் 9

அப்பா,

உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, ஓரம் கட்டி முடித்துவிட்டேன். பட்டறையில் எல்லோரும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்கள். பேச்சை நிறுத்தாமலே தடவிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் பொடிசைப் புதைத்த இடத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள், நீங்கள் பார்த்ததில்லை. சுவரோரமாக, ஒரு ஆள் படுக்கக்கூட முடியாத அளவுக்குச் சின்ன இடம். டிசம்பருக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல். களை பிடுங்கிச் சுத்தமாக வைத்திருந்தார்.

போர்வையை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்துதான் எடுத்துப்போனேன். பொடிசுக்காகத் தைத்தது, அதனிடமே இருக்கட்டும் என்று. விரித்துப் போட்டேன். அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதன் ஓரத்தைக் கையால் நீவிவிட்டேன். அம்மாவின் நான்கு கட்டமும் தலைமாட்டுப் பக்கம் வந்தது. நான் அப்படி நினைத்து விரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். வானம் மூடிக்கொண்டு வந்தது. அவர், "போலாமா?" என்றார். எழுந்தோம். வாசல் வரைக்கும் நடந்தோம். முதல் தூறல் கையில் விழுந்ததும் நான் திரும்பி ஓடினேன் அப்பா. செருப்பு ஒன்று எங்கோ கழன்றுவிட்டது. "நனையுதுங்க, நனையுது" என்று கத்திக்கொண்டே ஓடினேன். போர்வையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, எதை நனையாமல் எடுத்துவிட்டேன், எதை நனைய விட்டுவிட்டேன் என்று. மழையில் அப்படியே நின்றேன்.

அவர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதமும் அவர் சமையலறையில் அழுவார், நான் குளியலறையில் அழுவேன், வெளியே வந்து இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேர்ந்து அழுதோம். காவல்காரர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். போகச் சொல்லவில்லை.

போர்வை இப்போது எங்கள் அறையில் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. நனைந்ததில் எல்லாக் கட்டமும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நான் இஸ்திரி போடவில்லை.

மகள்